யாருடைய இடப்பக்கம்

முத்தியால்பேட்டை மருந்துக்கடைப் பின்கட்டில்
பதினோரு வருடம் கோழிக்கூண்டாக இருந்தது.
பதினெட்டாயிரம் என்றார் இரிசப்பன்.
கோழிகளையும் சேர்த்தா என்று கேட்டேன்.
சிரிக்கவில்லை. பதினாறில் முடிந்தது.
பின்சீட்டில் கிடந்த இரண்டு முட்டை
கணக்கில் வரவில்லை.

ரெனோ. ஐம்பத்தாறாம் வருடத்து வண்டி.
எஞ்சின் பின்னால், டிக்கி முன்னால்.
பார்க்க வந்த காத்தமுத்து முன்மூடியைத் தூக்கி
"எஞ்சினைத் திருடிட்டானுங்கக்கா" என்றான்.

குருசுக்குப்பத்தில்
ஜன்னல் கம்பியையே உப்பு தின்றுவிடும்.
கதவின் அடிப்பாகம் விரல் பட்டதும்
அப்பளமாய் நொறுங்கியது.
துணி ஊறவைக்கும் டப்பில் சலவைச்சோடா,
பழைய பேட்டரி சார்ஜர், ஒரு துண்டுக் கம்பி.
ராத்திரி முழுக்க நுரைத்து நுரைத்து
காலையில் கறுத்த இரும்பு வெளியே வந்தது.
அந்த மாதம் என் புடவைகள்
குடிதண்ணீர் பக்கெட்டில் ஊறின.

பணியாரச் சட்டியின் ஏழு குழியில் ஏழு அளவு நட்டு.
எட்டாவது அளவுக்குச் சட்னிக் கிண்ணம்.

கார்புரேட்டருக்கு கேஸ்கட் எங்கும் இல்லை.
பீரோ அடியில் என் கல்யாணப் பத்திரிகை
நாற்பது மிச்சம்.
நல்ல தடித்த அட்டை, அப்பா செலவு பார்க்கவில்லை.
ஷெல்லாக் தடவி, பிளேடால் வெட்டினேன்.
அவர் பெயர் துளையோடு போயிற்று.
என் பெயரில் பாதி,
முகூர்த்த நேரம் முழுசாக
இப்போதும் உள்ளே இருக்கிறது.
கசியவில்லை.

கையேடு பிரெஞ்சில்.
மாடிவீட்டு சொலாஞ்ச் படிக்கட்டில் உட்கார்ந்து
நெயில்பாலிஷ் காயக் காயப் படித்துச் சொல்வாள்.
"பெரிய பல்சக்கரம் இடப்பக்கம் வரணுமாம் ஆண்ட்டி."
கியர்பெட்டி எங்களைப் பார்த்துத் தரையில் கிடந்தது.
இடப்பக்கம் வைத்தோம்.
எங்கள் இடப்பக்கம்.

ஆடி மூன்றாம் ஞாயிறு, கோயில் மணி ஓய்ந்தபிறகு
நாலாவது திருகலில் இருமியது,
பக்கத்து வீட்டு வெள்ளைச் சட்டைகள் மேல் கரியைத் துப்பியது,
நின்றது.
ஐந்தாவதில் ஓடத் தொடங்கியது.
காத்தமுத்து கையை ஜீன்சில் துடைத்துத் துடைத்து
கண்ணையும் துடைத்துக்கொண்டான்.
முகமெல்லாம் கிரீஸ்.

முதல் கியர் போட்டேன்.
வண்டி பின்னால் போய்த் தொட்டியில் இடித்தது.
தள்ளி நிறுத்தி இரண்டாவது.
இன்னும் வேகமாகப் பின்னால்.
மூன்றாவதைப் போட எனக்குத் தைரியமில்லை.
ரிவர்ஸ் போட்டால்
சினைமாடு மாதிரி மெல்ல முன்னால் வந்தது.

"இதுக்கு ஏதாவது அர்த்தம் இருக்குமா ஆண்ட்டி?"
சொலாஞ்சுக்கு வயது பத்தொன்பது.
ஒன்றுமில்லை.
பல்சக்கரம் மாறிக் கிடக்கிறது.

பிரிக்க இரண்டு வாரம் ஆகும் என்றான்.
பிரிப்பதற்கு முன்னால் ஒரு சுற்று என்றேன்.
வைத்திக்குப்பம் வரை பின்னாலேயே ஓட்டிப் போனோம்.
கழுத்து ஒருபக்கம் பிடித்துக்கொண்டது.
முன் கண்ணாடியில் மீன்கூடைக்காரி ஒருத்தி
வாயைப் பொத்திக்கொண்டு சின்னதாகிச் சின்னதாகி
சுண்டுவிரல் அளவில் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மூலையில் சிவப்புத் தொப்பிக் காவலர் விசில் அடித்தார்.
எந்தப் பிரிவில் அபராதம் எழுதுவது என்று தெரியாமல்
நோட்டைத் திறந்து, மூடி,
எஞ்சின் எங்கே என்று கேட்டார்.
காட்டினோம்.
திரும்பி வரும்போது முன்னால்தான் வந்தோம்.
டிபன்பாக்ஸோடு நடந்துபோன ஒருவர்
எங்களை முந்தினார்.

மறுநாள் கியர்பெட்டி மறுபடியும் தரையில்.
காத்தமுத்து சாக்பீஸ் எடுத்து
அதன் பக்கத்தில் ஓர் ஓட்டுநரை வரைந்தான்,
காலை நீட்டி, ஸ்டியரிங் பிடித்து,
சேலை கட்டிய ஓட்டுநர்.
யோசித்து,
இடக்கையில் ஒரு வாட்ச் கட்டிவிட்டான்.